அங்கணத்துத் தண்ணீர்

எங்கள் ஊர் வீட்டில் அடுப்படியை ஒட்டி ஓர் அங்கணம் இருந்தது. மூன்றடிச் சதுரம், நாலு விரல் உயரத்துக்குக் கல் விளிம்பு, மூலையில் சுவரைத் துளைத்து ஓர் ஓட்டை. அரிசி களைவது, பாத்திரம் விளக்குவது, கை கழுவுவது எல்லாம் அங்கேதான். அந்த ஓட்டை வழியே வெளியேறும் தண்ணீர் கொல்லையில் நின்ற வாழை மூட்டுக்குப் போய்ச் சேரும். அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துக் கரிசல் ஊர். 1970களின் கடைசியில் நான் பள்ளிக்கூடப் பையன். அப்பத்தாவோ அம்மாவோ வாளியைத் தூக்கிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனதாக எனக்கு நினைவே இல்லை. ஆனாலும் ஐப்பசி தொடங்கி மாசி வரைக்கும் எங்கள் வீட்டுக் குழம்பில் விழுந்த காயில் பாதி கொல்லையிலிருந்துதான் வந்தது.

இப்போது மதுரையில் என் வீட்டு மொட்டை மாடியில் 32 பைகளில் செடி வளர்க்கிறேன். மே மாதத்தில் காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் ஊற்றினால்தான் தாங்கும். ஒருநாள் பக்கெட் கணக்கில் அளந்து பார்த்தேன். நூறு லிட்டருக்குக் கொஞ்சம் கூடவே வந்தது. நகரத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குக் கொடுக்க வேண்டிய தண்ணீர் என்று அரசுக் கணக்கில் இருப்பது 135 லிட்டர். ஆக, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்காத இன்னோர் ஆள் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறார்.

கொல்லையை இப்போது நினைத்துப் பார்க்கும்போதுதான் அது எவ்வளவு கணக்காக அமைந்திருந்தது என்பது புரிகிறது. அங்கணத்து ஓட்டைக்கு நேர் கீழே எப்போதும் சொதசொதவென்று இருக்கும் இடத்தில் வாழையும் சேம்பும். அதைத் தாண்டி ஈரம் கசியும் இடத்தில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் இரண்டு சின்னப் பாத்தி. குளிக்கிற கல்லிலிருந்து போகும் வாய்க்காலின் ஓரத்தில் கறிவேப்பிலை. இன்னும் தள்ளி, மழையைத் தவிர வேறு தண்ணீரையே பார்க்காத இடத்தில் முருங்கை. கடைசியில் வேலி. அதில் பிரண்டை, தூதுவளை, கோவை. யாரும் படம் போட்டு நட்டதில்லை. ஈரத்தில் தொடங்கி வறட்சியில் முடியும் வரிசை அது. எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டுமோ அந்தத் தூரத்தில் அது நின்றது. தூரம் தப்பி நட்டது செத்துப்போயிருக்கும். பிழைத்ததுதான் கொல்லையானது.

தண்ணீரை இப்படிச் செட்டாகப் புழங்கியதற்குக் காரணம் இருந்தது. விருதுநகர்ப் பக்கம் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். குடிக்க ஊருணித் தண்ணீர், புழங்கக் கிணற்றுத் தண்ணீர். இரண்டும் பெண்களின் இடுப்பில்தான் வீட்டுக்கு வந்தன. இடுப்பு வலிக்கத் தூக்கி வந்த குடத்தை யாராவது கத்தரிச் செடியில் கவிழ்ப்பார்களா? அரிசியைக் களைந்து, அந்தக் கழுநீரில் ஒரு பங்கை மாட்டுக்கு வைத்து, மீதியில் பாத்திரத்தை முதல் தரம் அலசி, அதற்குப் பிறகுதான் அங்கணம். செடிக்குக் கிடைத்தது மூன்றாவது, நான்காவது கைத் தண்ணீர்.

அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது என்பதும் முக்கியம். பாத்திரம் விளக்கியது அடுப்புச் சாம்பலும் புளிச்சக்கையும் தேங்காய் நாரும். தலைக்குச் சீயக்காய். துவைக்கிற சோப்பு வீட்டுக்குள் வராது. துணியெல்லாம் கிணற்றடியிலோ கண்மாயிலோதான். எனவே அங்கணத்திலிருந்து போனது கொஞ்சம் சோறு, கொஞ்சம் சாம்பல், கொஞ்சம் புளி கலந்த தண்ணீர். சாம்பலில் சாம்பல் சத்து இருக்கிறது என்று பத்தாம் வகுப்பில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பொட்டாசியத்துக்குத் தமிழில் பெயர் வைத்தவர்கள் அங்கணத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மண் விஷயத்தில் மட்டும் கரிசல் காய்கறிக்கு ரொம்ப இணங்காது. மழைக்கு உப்பிக் களியாகும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். வெடிக்கும்போது வேரையும் சேர்த்து அறுத்துவிடும். அதற்காகச் சித்திரை வைகாசியில் கண்மாய் வற்றியதும் இரண்டு வண்டி வண்டல் அடித்துக் கொல்லையில் கொட்டுவார்கள். சாணி, சாம்பல், தெருக்கூட்டிய குப்பை எல்லாம் ஒரு மூலைக் குப்பைமேட்டில் சேரும். முதல் மழைக்கு அந்த மேட்டில் யாரும் போடாத பூசணியும் சுரையும் நாட்டுத் தக்காளியும் தாமாக முளைக்கும். அப்பத்தா அதில் நல்லதாக இரண்டு கொடியைக் கூரைக்கு ஏற்றிவிடுவாள். மீதியைப் பிடுங்கி எறிவாள். தோட்ட வேலை என்று ஒன்று இருந்தால் அவ்வளவுதான்.

ஆடியில் அவரை போடுவார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய நாட்டு அவரை, பகல் குறுகினால் மட்டுமே பூக்கும் இனம். ஆடியில் ஊன்றினால் மழைக்காலம் முழுக்கக் கொடி பந்தலை அடைத்துப் படரும். கார்த்திகை, மார்கழியில் இரவு நீண்டு பனி விழும்போது பூவெடுக்கும். தைப்பொங்கலுக்குக் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பொங்கலன்று வாசலில் வைத்துப் படைக்கும் அவரை, மொச்சை, பரங்கி, சர்க்கரைவள்ளி, சேனை எல்லாமே அந்தச் சமயத்தில் கொல்லையிலும் புஞ்சையிலும் இருந்தவைதான். கடையில் வாங்கிப் படைப்பது பிறகு வந்த பழக்கம். இப்போது என் மாடித்தோட்ட நண்பர் ஒருவர் மாசி மாதத்தில் நாட்டு அவரை ஊன்றிவிட்டு, "இலை இலையாப் போகுது சார், பூவே காணோம், என்ன உரம் போடலாம்?" என்று கேட்கிறார். உரம் ஒன்றும் வேண்டாம், கார்த்திகை வரைக்கும் பொறுமை வேண்டும். அது முடியாதென்றால் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்தவரை ரகங்கள் இருக்கின்றன. வாங்கிப் போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கொல்லை கோடையில் அநேகமாக ஒன்றுமே தராது. பங்குனி பிறந்ததும் கத்தரி கருகும், மிளகாய் குச்சியாகும், வாழை மட்டும் கிழிந்த இலையோடு நிற்கும். சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாசமும் வத்தல்தான். கத்தரி வத்தல், சீனிஅவரை வத்தல், காட்டிலிருந்து பறித்து வந்து காயவைத்த மிதுக்கு வத்தல். மழைக்காலத்தில் கரிசலில் கிழங்கிலிருந்து தானாகக் கொடி கிளம்பும் அதலைக்காய் என்ற குட்டிக் கசப்புக் காய்க்கு நான் இன்றைக்கும் அடிமை. ஆனால் தொடர்ந்து பத்து நாள் வத்தக்குழம்பு சாப்பிட்ட கோடைவிடுமுறைகளை எந்த ஏக்கத்தோடும் நினைக்க முடியவில்லை. "அந்தக் காலத்தில் எல்லாம் கொல்லையிலேயே கிடைத்தது" என்று மேடையில் பேசுகிறவர்கள் எந்த மாதத்தைச் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

கோடையில் காய்த்த ஒரே மரம் முருங்கை. மாசியில் பூத்து, பங்குனி சித்திரையில் ஊரெல்லாம் காய் தொங்கும். அன்றைக்கு முருங்கை விதையிலிருந்து வராது. நல்லாக் காய்க்கிற மரத்திலிருந்து கை பருமனுக்கு ஒரு கம்பை வெட்டி வந்து நட்டு, மேல்நுனி காயாமல் இருக்க ஓர் உருண்டை சாணியை அப்பிவைப்பார்கள். அதனால் ஒவ்வொரு வீட்டு முருங்கைக்கும் பூர்வீகம் தெரியும். இது பெரியம்மா வீட்டு முருங்கை, இது கோயில் பூசாரி வீட்டு முருங்கை. மழைக்காலத்தில் மட்டும் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி கரும்பாய் விரித்த மாதிரி அப்பியிருக்கும். சீவங்குச்சியைக் கட்டிக் கொளுத்தி அப்பா பொசுக்குவார். நாங்கள் தூரத்தில் நின்று உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு பார்ப்போம்.

அந்தக் கொல்லை ஒரே நாளில் போகவில்லை. முதலில் சித்தப்பாவுக்குப் பாகம் பிரித்ததில் பாதி போனது. தெருவில் குழாய் வந்தது, பிறகு வீட்டுக்குள் வந்தது. குழாய் வந்ததும் அங்கணம் அசிங்கமாகத் தெரிந்தது. நின்றுகொண்டு பாத்திரம் விளக்கும் தொட்டி கட்டினோம். அடுப்பு கேஸுக்கு மாறியதும் சாம்பல் நின்றது. விளக்கும் தூளும் சோப்புக் கட்டியும் வந்தன. வாழை ஓரிரு வருஷத்தில் இலை ஓரம் கருகிக் குறுகிப்போனது. சோப்புத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா சொன்னாள். பிற்பாடு காரணம் தெரிந்தது. சோப்பில் உள்ள சோடியம் கரிசல் போன்ற களிமண்ணின் கட்டுமானத்தைக் கலைத்துவிடும். கலைந்த மண் காய்ந்தால் சிமெண்டு மாதிரி இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காது. வாழை நின்ற இடத்தில் கடைசியில் கக்கூஸுக்குச் செப்டிக் டேங்க் தோண்டினோம். வீட்டுக்குக் கழிப்பறை வந்ததை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். என் அம்மாவும் அத்தைமாரும் இருட்டும்வரை காத்திருந்த காலத்தைப் பார்த்தவன் நான். ஆனால் கழிப்பறைத் தண்ணீரும் அடுப்படித் தண்ணீரும் ஒரே குழாயில் சேர்ந்த அன்று கொல்லையின் கணக்கு முடிந்தது.

முருங்கைக்கும் ஒரு திருப்பம் வந்தது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலிருந்து 1989இல் பி.கே.எம்.1 என்ற செடிமுருங்கை வெளிவந்தது. விதை போட்டு ஆறு மாதத்தில் காய், அதுவும் நீள நீளமாக. கம்பு வாங்கப் பெரியம்மா வீட்டுக்குப் போக வேண்டிய வேலை இல்லை. விவசாயிகளுக்கு அது நல்ல காலம். எங்கள் தெருவில் மட்டும் முருங்கைகளின் பூர்வீகக் கதை அத்தோடு நின்றுபோனது.

இப்போது ஊரில் யாராவது மறுபடி கொல்லையில் காய் போட நினைத்தாலும் மயில் விடாது. என் சின்ன வயதில் மயிலைப் பார்க்க முருகன் கோயிலுக்குப் போக வேண்டும். இன்றைக்குக் காலையில் கொல்லைச் சுவரில் ஏழெட்டு உட்கார்ந்திருக்கிறது. மிளகாய்ப் பழம், தக்காளி, முளைத்த பயறு ஒன்றையும் மிச்சம் வைக்காது. 1963இலிருந்து தேசியப் பறவை, 1972 வனவிலங்குச் சட்டத்தின் காவலில் இருப்பது. கல்லெறியவும் முடியாது. பழைய சேலையைப் பாத்தியைச் சுற்றிக் கட்டிவைத்திருக்கிறார் என் அண்ணன். மயில் அதன்மேல் ஏறி உட்கார்ந்து இளைப்பாறுகிறது.

கொல்லை செத்த இடத்திலிருந்து மாடித்தோட்டம் பிறந்ததாகச் சொல்ல முடியாது. நடுவில் ஒரு தலைமுறை எதுவுமே நடவில்லை. எனக்கும் ஐம்பது வயதுக்குப் பிறகுதான் ஆசை வந்தது. 2013 வாக்கில் சென்னையிலும் கோவையிலும் அரசே பைகளும் விதையும் தென்னைநார்க் கழிவும் அடங்கிய தொகுப்பை மானியத்தில் கொடுக்க ஆரம்பித்தபோது மாடித்தோட்டம் என்ற சொல் பத்திரிகைகளில் அடிபட்டது. 2020இல் ஊரடங்கு வந்து எல்லாரையும் வீட்டுக்குள் பூட்டியதும் எங்கள் தெருவில் மட்டும் நாலு மாடி பச்சையானது. ஒரு வேடிக்கை: கொல்லை முழுக்கப் பெண்களின் ராஜ்ஜியம், மாடியில் பெரும்பாலும் அரைக்கால் சட்டை போட்ட ஓய்வூதியர்கள். அப்பத்தா தன்னைத் தோட்டக்காரி என்று நினைத்ததே கிடையாது. நாங்கள் தினமும் செடியைப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொள்கிறோம்.

மாடி ஒரு தனிப் பூமி. காலுக்குக் கீழே கான்கிரீட், மேலே வெயில். காற்றில் 40 டிகிரி என்றால் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. நனைந்த மண் ஒரு கன அடிக்கு 45, 50 கிலோ கனக்கும் என்பதால் வெறும் மண்ணை நிரப்ப முடியாது. செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் கலந்து பையில் போட வேண்டும். தென்னைநார்க் கழிவை நாலைந்து தரம் அலசிப் பிழியாமல் போட்டால் அதிலுள்ள உப்பு நாற்றைக் கருக்கிவிடும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் வருஷம் 12 கத்தரி நாற்று போனபிறகுதான் தெரிந்தது. அடுத்து, மாசிக் கடைசியில் தக்காளி நட்டேன். செடி இடுப்புக்கு வளர்ந்தது, பூவாய்ப் பூத்தது, எல்லாம் உதிர்ந்தது. பகலில் 35க்கு மேல் போய் இரவிலும் சூடு தணியாவிட்டால் தக்காளி மகரந்தம் வீணாகிவிடும், பூ பிஞ்சாகாது. பச்சை வலை கட்டினேன், சொட்டுநீர்க் குழாய் போட்டேன், வேப்பம் புண்ணாக்கு, மீன் அமிலம், பஞ்சகவ்யம் என்று ஒவ்வொன்றாக வந்தது. முதல் கிலோ தக்காளிக்கு நான் செலவழித்ததை என் மனைவி இன்னும் விருந்தாளிகளிடம் சொல்லிக் காட்டுகிறாள்.

இந்தக் காலத்தில் எல்லாமே மோசம் என்று சொன்னால் பப்பாளி என்னை மன்னிக்காது. 2008இல் கோவைப் பக்கம் ஒரு வெள்ளை மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோவைச் சேர்ந்த பூச்சி. இங்கே அதற்கு எதிரி இல்லாததால் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி என்று கண்டதையெல்லாம் வெண்பஞ்சாய் மூடியது. கொல்லையில் நின்ற ஒற்றைப் பப்பாளியையும் விடவில்லை. மருந்தடித்து மாளவில்லை. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து பெருக்கி விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு வளரும். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. என் மாடியில் ட்ரம்மில் நிற்கும் பப்பாளி அந்தக் குளவியின் தயவில் நிற்கிறது. சாம்பல் தூவும் அப்பத்தாவின் வைத்தியம் அசுவினிக்குக் கேட்கும். இதற்குக் கேட்டிருக்காது.

விதையிலும் இப்படிக் கூடுதல் குறைச்சல் உண்டு. அன்று முற்றின பீர்க்கங்காய் உத்தரத்தில் தொங்கும், கத்தரி விதை சாம்பலில் புரட்டி மண்கலயத்தில் இருக்கும். வைத்திருந்தது நாலைந்து ரகம்தான். இன்று விதைத் திருவிழாவுக்குப் போனால் நாற்பது வகைக் கத்தரியைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். கலப்பின விதைப் பொட்டலம் வாங்கினால் அதன் காயிலிருந்து எடுத்த விதை தாய்போல வராது, ஒவ்வொரு தடவையும் கடைக்குப் போக வேண்டும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய ராமநாதபுரம் முண்டு மிளகாயை நான் மாடியில் மூன்று வருஷமாகச் சொந்த விதையிலேயே ஓட்டுகிறேன். குண்டுகுண்டாக அது சிவக்கும் நாளில் மட்டும் என் மனைவி செலவுக் கணக்கைப் பேசுவதில்லை.

ஆனால் தண்ணீர்? ஆர்.ஓ. இயந்திரம் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுத்தால் இரண்டு மூன்று குடத்தை வெளியே தள்ளுகிறது. அதைப் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறோம் என்று தெருவில் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆழ்குழாயின் உப்பு முழுக்க அந்தத் தண்ணீரில்தான் கெட்டியாகிச் சேர்ந்திருக்கிறது. தினமும் ஊற்றினால் பையில் மண்மேல் வெள்ளை பூக்கும். ஏ.சி.யிலிருந்து சொட்டுவது உப்பே இல்லாத தண்ணீர், அதைத் தாராளமாக ஊற்றலாம். ஆனால் காற்றில் ஈரம் வற்றிய நாளில் அதுவும் சொட்டாது. 2003இல் கட்டாயமானபோது வீட்டுக்கு வீடு வைத்த மழைநீர்க் குழாய் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்புதான் அதன் குழியைத் தூர் வாரினேன்.

போன சித்திரையில் ஊரிலிருந்து அத்தை வந்திருந்தாள். எண்பதை நெருங்குகிறாள். படியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து மாடிக்கு வந்து சேர்ந்தாள். வலை, குழாய், பை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தாள்.

"இம்புட்டையும் தினமும் நனைக்கிறியாடா?"

"ரெண்டு வேளை அத்தை. இல்லேன்னா வாடிரும்."

"ஊரே காஞ்சு கெடக்கிற மாசத்துல இதுக மட்டும் ஏன் பச்சையா நிக்கணும்?"

என்னிடம் பதில் இல்லை. கத்தரிக்காய் நாலைப் பறித்துக் காட்டினேன். காம்பை நுகர்ந்து பார்த்து, நல்லா இருக்கு என்றாள். கீழே வந்து சாப்பிட்டுக் கை கழுவும்போது, இந்தத் தண்ணி எங்கே போகுது என்று கேட்டாள். சாக்கடைக்கு என்றேன். அது எங்கே போகுது என்றாள். ஒரு மாதிரி கையை ஆட்டித் திசை காட்டினேன்.

மறுநாள் என் மனைவி அரிசி களையும்போது அத்தை பக்கத்தில் நின்று ஒரு பக்கெட்டை வைத்துவிட்டாள். ஊருக்குக் கிளம்புமுன் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு பிடி அவரை விதையை எடுத்துக் கொடுத்தாள். கறுப்பில் வெள்ளை மூக்கு. "இப்பப் போட்டுராத. ஆடி பெறக்கட்டும். இந்தப் பையெல்லாம் பத்தாது, பெருசா ஒண்ணு வையி."

பக்கெட் அங்கேயே இருக்கிறது. அரிசி, பருப்பு, கீரை அலசியது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் தேறுகிறது. கோடையில் பைகளை எட்டாகக் குறைத்தால் பாதித் தேவைக்காவது அது வரும் போலத் தெரிகிறது. மீதி 24 பைகளையும் காயவிட்டு அடுக்கி வைத்திருக்கிறேன். இந்தச் சித்திரையில் காய்க்கு என்ன செய்வது என்று மனைவி கேட்டாள். அருப்புக்கோட்டைப் பக்கம் போகும்போது மிதுக்கு வத்தல் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.